ஆடலரங்கின் மெட்டும் ஆலயத்தின் பாட்டும்

பாட்டுக்களுட் சில செவியை நோக்கிப் பிறப்பன. சில காலை நோக்கிப் பிறப்பன. செவியை நோக்கிப் பிறந்த பாட்டு, பாடுவோன் விரும்பின் நீளும், விரும்பின் சுருங்கும். காலை நோக்கிப் பிறந்த பாட்டுக்கு அவ்வுரிமை இல்லை. ஆடுவோர் வைக்கும் அடிகளே அதன் நீளத்தை வரையறுப்பன. அவர் திரும்புமிடத்தில் அதுவும் திரும்பவேண்டும். அவர் நிற்குமிடத்தில் அதுவும் நிற்கவேண்டும். வன்னியிலே கோவலன் கூத்தைக் கண்டவர்க்கு இவ்வேறுபாட்டை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பாத்திரம் களரிக்கு வரும்போது பாடப்படும் வரவுத்தரு, மத்தளச் சொற்கட்டுக்கும் ஆடுவோன் காலுக்கும் கட்டுண்டு நடப்பது. அதே பாத்திரம் நின்று துயருரைக்குங்கால் எழும் விருத்தமோ, தாளக்கட்டை விட்டு நீங்கிச் சொல்லின் வழியே விரிந்து செல்வது.

இளங்கோவடிகள் அரங்கேற்று காதையிலே ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலோன், யாழாசிரியன் என்போரின் இலக்கணங்களைத் தனித்தனியே வகுத்துரைத்தமை கருதத்தக்கது. ஆடல், இசை, சொல், தாளம் என்பன ஓரரங்கிற் கூடினும், ஒவ்வொன்றும் தனக்கெனப் பொறுப்புடையது என்பது அவ்வகுப்பினாற் பெறப்படும். அங்ஙனமாயின் ஒரு வினா எழுகின்றது. ஆடலின் பொருட்டே அமைந்த ஒரு மெட்டு, ஆடலை விட்டு நீங்கினால் எதனைப் பற்றி நிற்கும்? நீங்கிய காலுக்கு ஈடாக யாதேனும் ஒரு தொழிலை அது பெற்றாலன்றி உயிர்வாழாது என்பதே இக்கட்டுரையின் துணிபு. அதற்குச் சான்றாவன ஐரோப்பிய ஆடலரங்கின் இசையும், அவ்விசையிலிருந்து மெட்டுக்களை எடுத்து முத்துசுவாமி தீட்சிதர் இயற்றிய நோட்டுச்சுர சாகித்தியங்களுமாம்.

ஆடலரங்கு என்பது, ஆடவரும் மகளிரும் இணையிணையாகக் கூடி ஆடுதற்கென ஐரோப்பாவில் அமைந்த பெருமண்டபம். அங்கு ஆடுவோர் கலைஞரல்லர்; விருந்துக்கு வந்தோர். இசைப்போர் மாத்திரமே தொழில்முறையாளர். 18ஆம் நூற்றாண்டில் மினுவெற் என்னும் மென்னடை ஆடலும், இரு வரிசையாக எதிரெதிர் நின்று ஆடும் நாட்டுப்புற ஆடலும், ஸ்கொத்லாந்தின் றீல் என்னும் விரைநடை ஆடலும் அங்கு வழங்கின. 19ஆம் நூற்றாண்டு பிறந்தபின், நான்கு இணையினர் சதுரமாக நின்று ஆடும் குவாட்ரில் பரவிற்று. இலண்டனின் அல்மாக் மண்டபத்தில் அது 1815இல் புகுந்தது. மூன்றெண்ணிக்கைச் சுழலாடலாகிய வால்ஸ் அக்காலத்திலேயே செல்வாக்குப் பெற்றது. 1820களிற் பாய்ச்சல் நடையுடைய கலொப்பும், 1840களிற் போல்காவும் வந்து சேர்ந்தன.

இவையனைத்துக்கும் பொதுவான ஓர் அமைப்பு உண்டு. மெட்டு, பெரும்பாலும் எட்டு அளவு கொண்ட துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு துண்டும் இருமுறை இசைக்கப்பெறும். முதற்றுண்டு வினாப்போலச் சென்று நின்றால், அடுத்த துண்டு விடைபோலத் திரும்பிச் சட்சத்தை அடையும். இவ்வொழுங்கு இசைப்புலவரின் விருப்பத்தால் வந்ததன்று. ஆடுவோர் எட்டு எண்ணிக்கையில் ஒரு கோலத்தை முடித்துத் தத்தம் இடத்தை மீண்டும் அடையவேண்டும்; ஆதலின் மெட்டும் அவ்வெட்டுக்குள் முடியவேண்டும்.

மற்றொரு கூறு ஒத்திசை. பல்லியக் குழுவில் மேலே வயலினும் குழலும் மெட்டை இசைக்க, கீழே பெருந்தந்தி வாத்தியங்கள் அடிச்சுரத்தைத் தாங்கும். வால்ஸ் ஆடலில் முதலெண்ணிக்கையில் அடிச்சுரம் விழும். இரண்டாம், மூன்றாம் எண்ணிக்கைகளில் இடைநிலை வாத்தியங்கள் சுரக்கூட்டை எழுப்பும். ஆடுவோன் காலை ஊன்றுமிடத்தை அறிவிப்பது அவ்வடிச்சுரமே. இதனால் மெட்டும் அதற்கேற்பவே உருப்பெறுகின்றது. ச, க, ப எனச் சுரக்கூட்டின் படிகளில் அது தாவித்தாவி ஏறுகின்றது. அத்தாவலின் நியாயம் மெட்டிலே பாதியும் அதன் கீழொலிக்கும் ஒத்திசையிலே பாதியுமாக உள்ளது. இவ்வுண்மையை மனத்திருத்தியே தீட்சிதரின் முயற்சியை அணுகல் வேண்டும்.

அதற்கு முன்னர், ஐரோப்பாவிலேயே இம்மெட்டுக்கள் ஆடலை விட்டு நீங்கிய வரலாற்றை நோக்குதல் தகும். வியன்னா நகரிலே யோசெப் லான்னர் (1801–1843), மூத்த யோகான் ஸ்திராவுஸ் (1804–1849) ஆகிய இருவரும் வால்ஸ் இசையைத் துணுக்கு மெட்டென்னும் நிலையிலிருந்து உயர்த்தினர். முன்னுரையாக ஒரு பகுதி, அதன்பின் தொடுக்கப்பட்ட வால்ஸ்கள் ஐந்து, முடிவிலே முன்வந்தவற்றை நினைவூட்டும் ஒரு பகுதி என்னும் யாப்பு அவர்கள் காலத்தில் நிலைபெற்றது. முன்னுரைப் பகுதியில் எவரும் ஆடுவதில்லை; அது செவிக்கே உரியது. வேபர் என்பார் 1819இல் பியானோவுக்கென இயற்றிய 'ஆடற்கு அழைப்பு' என்னும் உருப்படியை, பெர்லியோஸ் 1841இல் பல்லியத்துக்கு அமைத்தார். ஆடலைப் பற்றிய இசை, ஆடுவோரின்றியே கேட்கப்படலாயிற்று.

இளைய யோகான் ஸ்திராவுஸ் (1825–1899) இயற்றிய 'நீல தான்யூப்' வால்ஸின் கதை இவ்விடத்தில் மிகவும் பொருத்தமுடையது. 1867 பெப்ரவரி 15ஆம் நாள் வியன்னாவில் அது முதன்முதல் அரங்கேறியபோது ஆடவர் குழுவொன்று பாடும் பாட்டாகவே இருந்தது. யோசெப் வைல் என்பார் அதற்குச் சொல் எழுதியிருந்தார். அவ்வடிவம் பெருவெற்றி பெறவில்லை. அதே ஆண்டிற் பாரிசு நகரப் பொருட்காட்சியின்போது சொல் நீக்கப்பட்டுப் பல்லியத்தால் இசைக்கப்பட்ட பின்னரே உலகம் அதனை ஏற்றுக்கொண்டது. அம்மெட்டுக்குச் சொல் புறத்தே ஒட்டிய பொருளாயிற்று. பல்லியத்தின் நிறமும் ஒத்திசையின் ஆழமுமே அதற்கு உயிராயின. ஆடலை நீங்கிய மெட்டு அங்குப் பற்றிக்கொண்ட புதிய கொழுகொம்பு பல்லியம்.

தமிழகத்தில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. சென்னையில் ஆங்கிலக் கும்பினியார் கோட்டை கட்டி வாழ்ந்த காலத்தில், அவர்தம் ஆடலும் உடன் வந்தது. எழும்பூரில் இருந்த பாந்தியன் மண்டபம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியர் கூடி ஆடிய இடங்களுள் ஒன்று; சென்னை அரசு அருங்காட்சியகம் அவ்விடத்திலேயே பின்னர் அமைந்தது. 1802இல் திறக்கப்பட்ட விருந்து மண்டபமே பிற்காலத்தில் இராசாசி மண்டபம் எனப் பெயர் பெற்றது. கோட்டைப் படைகளுக்கெனப் பாண்டு வாத்தியக் குழுக்களும் இருந்தன. அணிநடைக்கு இசைத்த பாண்டுக் குழுக்கள் ஆடல் மெட்டுக்களையும் இசைப்பது அக்காலப் படைகளின் பொதுவழக்கு.

சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த முத்துக்கிருட்டின முதலியார், திருவாரூரைச் சேர்ந்த இராமசுவாமி தீட்சிதரை ஆதரித்தவர். அவர் மைந்தர் வேங்கடகிருட்டின முதலியார் கும்பினியாரோடு தொழிற்றொடர்புடையவர். அவ்வாதரவில் வளர்ந்த இராமசுவாமி தீட்சிதரின் மைந்தர்கள் கோட்டையின் பாண்டு இசையைக் கேட்கும் வாய்ப்பைப் பெற்றனர். அவருள் இளையவரான பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) ஐரோப்பிய ஆசிரியர் ஒருவரிடம் வயலின் பயின்று, அதனைத் தென்னிந்திய இசைக்கு உரிய வாத்தியமாக்கிய முன்னோடிகளுள் ஒருவரானார். மூத்தவரான முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) வாத்தியத்தை எடுத்துக்கொள்ளவில்லை, மெட்டை எடுத்துக்கொண்டார்.

இலங்கையின் நிலை இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. ஒல்லாந்தரிடமிருந்து கரையோரப் பகுதிகளை 1796இல் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1803இல் வன்னியிலே பண்டாரவன்னியனோடு பொருதனர். அவ்வாண்டில் முல்லைத்தீவுக் கோட்டையைத் தன்வயப்படுத்திய அவன், ஒற்றோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவிலே வான் திறிபேர்க்கின் படையாற் றோல்வியுற்றான் என்பது வன்னியில் ஒவ்வொரு மாணவனும் அறிந்த செய்தி. ஆங்கிலப் படை என்பது வன்னியார்க்குப் போரின் முகம், அதன் இசையைக் கோயிலுக்குக் கொணர்ந்து பாடிய புலவர் ஒருவர் அதே காலத்திற் கடலுக்கு அப்பால் வாழ்ந்தார் என்பது முதற்கண் வியப்பளிக்கும், சிலர்க்கு வெறுப்புமளிக்கக்கூடும். அவ்வெறுப்பைப் புறந்தள்ளாது விடை கூறுதல் திறனாய்வாளர் கடன்.

இலங்கையில் ஆடலரங்கின் மெட்டு நிலைபெற்ற வழி வேறு. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியர் மரபில், கவ்றிஞ்ஞா என்னும் ஆடலும் லான்சர்ஸ் என்னும் ஆடலும் திருமண விழாக்களிற் போற்றப்பட்டு வந்துள்ளன. லான்சர்ஸ் என்பது 19ஆம் நூற்றாண்டு ஆடலரங்கில் வழங்கிய குவாட்ரில் வகையே. ஐரோப்பாவின் அரங்குகளில் அது வழக்கொழிந்த பின்னரும், தமிழ் பேசும் கீழைக்கரையில் வயலின் ஒலிக்க அது ஆடப்பட்டமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. அங்கு மெட்டு ஆடலை விட்டு நீங்கவில்லை. ஆதலால் அதற்குப் புதிய கொழுகொம்பும் வேண்டப்படவில்லை. தீட்சிதர் கையிலோ, மெட்டு மாத்திரம் வந்தது. ஆடலும் வரவில்லை, பல்லியமும் வரவில்லை. அவ்விரண்டின் வெறுமையை நிரப்பவேண்டிய பொறுப்புச் சொல்லின் மீது விழுந்தது.

நோட்டுச்சுர சாகித்தியங்கள் ஏறக்குறைய 40. எல்லாம் வடமொழியில் இயன்றவை. எல்லாம் சங்கராபரணத்தின் சுரங்களில் அமைந்தவை. மேலைநாட்டு மேசர் சுரவரிசையும் அதுவே ஆதலின் இது தானே நேர்ந்த பொருத்தம். தாளமும் எளியது. 'குருகுக' என்னும் தீட்சிதர் முத்திரை இவற்றுட் பலவற்றில் உண்டு. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் கிருதியின் விரிவு இவற்றுக்கில்லை. தீட்சிதர் மரபில் வந்த சுப்பராம தீட்சிதர் (1839–1906), 1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெருநூலை எட்டயபுரத்தில் வெளியிட்டபின், 1905இல் வெளிவந்த 'பிரதமாப்பியாச புத்தகமு' என்னும் தொடக்கநிலைப் பாடநூலில் இவற்றுள் 33ஐச் சேர்த்தார். பெருநூலிலன்றிப் பாடநூலில் இவை இடம்பெற்றமையே, மரபினர் இவற்றுக்கு அளித்த இடத்தைக் காட்டும்.

இவற்றைத் தீட்சிதர் மணலியில் வாழ்ந்த இளமைக்காலத்தனவாகக் கூறுவது பெருவழக்கு. மூலமெட்டுக்கள் எனக் காட்டப்படுவனவற்றை நோக்கின், அக்கூற்று முழுமைக்கும் பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது. 'வரசிவபாலம்' என்பதன் மூலமாகக் காட்டப்படும் 'காஸ்தீலியக் கன்னி' என்னும் பாட்டு, அயர்லாந்துக் கவிஞர் தோமஸ் மூருடையது. மூர் பிறந்ததே 1779இல். 'கமலாசன வந்தித' என்பதன் மூலமாகக் காட்டப்படும் 'கலொப்பேட்' என்பதன் பெயரோ, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆடலரங்கிற் பரவிய ஆடலை நினைவூட்டுவது. இவ்வடையாளங்கள் சரியாயின், தீட்சிதர் இம்முயற்சியை இளமை விளையாட்டாகக் கருதி விட்டுவிடவில்லை; பெருங்கிருதிகளை இயற்றிய முதிர்காலத்தும் இதன்பால் மீண்டார் எனக் கொள்ளல் வேண்டும். அது மதிப்பீட்டையும் மாற்றும். முதிர்ந்த புலவர் ஒருவர் தெரிந்தே செய்த தொழிலை, தெரிந்தே செய்த தொழிலாக வைத்து அளத்தல் முறை.

இனி உருப்படிகளை நோக்குவோர்க்கு முதலில் எதிர்ப்படுவது 'சந்ததம் பாகிமாம்'. இஃது ஆங்கிலேயரின் அரசவாழ்த்து மெட்டில் அமைந்தது. அவ்வாழ்த்து ஆடற்பாட்டன்று எனினும், மூன்றெண்ணிக்கையுடைய கலியார்ட் என்னும் பழைய ஆடலின் நடை அதில் உண்டென மேலை இசைநூலார் காட்டுவர். அதன் முற்பகுதி 6 அளவு. பிற்பகுதி 8 அளவு. எட்டெட்டாக நில்லாத அவ்வேற்றத்தாழ்வே அதற்கு ஒரு பெருமிதம் அளிப்பது. மெதுவான நடையாதலின் ஒவ்வொரு சுரத்தின் மேலும் ஓரசை முழுமையாக ஒலிக்க இடமுண்டு. வடமொழியின் நெடில்கள் தம் மாத்திரையை இழவாது நிற்கின்றன. பொருளைப் பார்த்தாலோ, மன்னனைக் காக்கவென இறைவனை வேண்டிய மெட்டு, இசைவடிவான சியாமளையைத் தன்னைக் காக்கவென வேண்டும் மெட்டாயிற்று. வேண்டுதல் என்னும் குணம் மாறவில்லை; இடையில் நின்ற மன்னன் மாத்திரம் மறைந்தான். மேற்கூறிய வெறுப்புக்கு இஃதோர் விடை. ஆள்வோன் இசைக்கு இங்குத் தலைவணக்கம் இல்லை. அதன்கண் இருந்த ஆள்வோனே நீக்கப்பட்டான்.

இரண்டாவது, 'சியாமளே மீனாட்சி'. ச ச ப ப த த ப எனத் தொடங்கி, ம ம க க ரி ரி ச என இறங்கும் இம்மெட்டு, 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சிய மெட்டொன்றோடு ஒப்பது. ஆங்கிலம் பயிலும் குழந்தைகள் விண்மீனைப் பற்றிப் பாடும் பாட்டாக இன்று உலகெங்கும் அறியப்பட்டது. 1780களின் தொடக்கத்தில் மோட்சாட் இதே மெட்டை எடுத்துப் பியானோவுக்கு 12 வேறுபாடுகளை இயற்றினார். ஒரே மெட்டு இரு மேதைகளின் கையில் அடைந்த கதி உற்றுநோக்கற்பாலது. மோட்சாட்டுக்கு மெட்டு ஒரு விதை; அதனைச் சிதைத்தும் விரைவித்தும் இருளூட்டியும் அவர் வளர்த்தார். வேறுபாடு இயற்றும் கலையில் அவருக்கு இளையாதவர் தீட்சிதர். ஆயினும் இம்மெட்டில் அவர் ஒரு சங்கதியும் சேர்க்கவில்லை. மெட்டை உள்ளவாறே வைத்து அதன் மேல் மதுரை மீனாட்சியின் பெயரை நிறுத்தினார். இஃது இயலாமையன்று, வரையறை. பிறர் பொருளை இரவலாகக் கொண்டவர் அதனை மாற்றாது திருப்பும் நேர்மையை இதிற் காணலாம்.

விரைநடை மெட்டுக்களில் நிலைமை வேறு. 'ஜகதீச குருகுக' என்பது 'மக்டொனால்ட் பிரபுவின் றீல்' என்னும் ஸ்கொத்லாந்து ஆடல் மெட்டோடு சேர்த்துக் காட்டப்படுவது. 'கமலாசன வந்தித' முற்கூறிய கலொப்பேட் மெட்டுக்குரியது. றீல் என்பது வயலின் வில்லின் விரைவுக்கும் குதிக்கும் காலுக்கும் பிறந்தது; ஓரெண்ணிக்கைக்கு நான்கு சுரம் என ஓடுவது. அவ்வோட்டத்தில் வடமொழித் தொகைச்சொல் சிக்கும்போது, சொல்லின் பிளவும் மெட்டின் பிளவும் எல்லா இடத்தும் ஒன்றுவதில்லை. பாடுவோன் மெட்டைக் காத்தாற் பொருள் நழுவுகின்றது. பொருளைக் காத்தால் நடை தளர்கின்றது. கேட்போர்க்கு இறைவன் பெயர்கள் சதிச்சொற்களைப் போல ஒலித்துக் கடக்கின்றன. கூத்தின் ஆட்டத்தருவிலும் இவ்வாறு சொல் ஒலியாவதுண்டு. அங்கு ஆடுவோன் உடம்பு பொருளைச் சொல்லும். இங்கு ஆடுவோன் இல்லை. ஆடலின் வெறுமையைச் சொல் நிரப்பவேண்டும் என்னும் பொறுப்பு இவ்வுருப்படிகளில் முற்றும் நிறைவேறவில்லை என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

இவற்றின் எல்லையை அறிய ஓர் ஒப்பீடு போதும். கீழ்வேளூர் இறைவனைப் பாடும் 'அட்சயலிங்க விபோ' என்னும் கிருதியும் சங்கராபரணமே, இயற்றியவரும் தீட்சிதரே. மிச்ர சாபு தாளத்தில் அது யானைநடை போலச் செல்வது. நிடாதம் மேற்சட்சத்தை நாடி அசைகின்றது. சுரங்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவாது வழுக்கிச் செல்கின்றன. ஒரு சொல் நீண்டு விரிந்து இராகத்தின் முழுவுருவையும் காட்டுகின்றது. நோட்டுச்சுரத்திலோ சுரங்கள் அசைவின்றிக் கல்லில் வெட்டியதுபோல் நிற்கின்றன. சுரவரிசை ஒன்றே, இராகம் ஒன்றன்று. சுரவரிசை என்பது எழுத்துக்கள். இராகம் என்பது மொழி. நோட்டுச்சுரங்கள் தமிழகத்து எழுத்துக்களால் எழுதப்பட்ட மேலைமொழி என்பது மிகையாகாது. அன்றியும் மேலை இசையில் அம்மொழிக்கு முழுமை தந்த ஒத்திசை இங்கு இல்லை. ஆதலின் இவை ஒரு பக்கம் கமகத்தையும் மறுபக்கம் ஒத்திசையையும் இழந்து, தனிக்கோடாக நிற்பன.

இது பற்றி இருசாரார் இருவேறு வகையிற் பிழைபடுகின்றனர். இவற்றைச் சிறுபிள்ளை விளையாட்டென்று ஒதுக்குவோர் ஒருசாரார். கீழையிசையும் மேலையிசையும் ஒன்றாகிய பெரும்புணர்ப்பென்று வியப்போர் மற்றொருசாரார். முன்னையோர் இவற்றைக் கிருதியின் அளவுகோலால் அளந்து குறைகாண்கின்றனர். பின்னையோர் மெட்டின் மேற் சொல் வைத்தலையே புணர்ப்பெனக் கொள்கின்றனர். புணர்ப்பெனத் தக்கது உண்டாயின் அது பாலுசுவாமி செய்ததே. அவர் பிறர் வாத்தியத்தைத் தம் மொழி பேசவைத்தார். முத்துசுவாமி இங்குச் செய்தது, பிறர் மொழியைத் தாம் உச்சரித்துக் காட்டியது. இரண்டும் வேறு.

அவ்வுச்சரிப்பின் பயன் கல்வியிலே விளங்குகின்றது. கமகமற்ற சுரம், பயிலும் மாணவனுக்குச் சுருதித்தானத்தை மறைப்பின்றிக் காட்டும். எட்டெட்டாக மடங்கும் மெட்டு அவன் காலப்பிரமாணத்தை நிலைநிறுத்தும். சிறிய உருப்படி ஒரு பாடவேளையில் நெஞ்சிற் படியும். ஆடுவோன் காலை வழிநடத்திய ஒழுங்கு, இங்குக் கற்போன் குரலை வழிநடத்துகின்றது. ஆடலை நீங்கிய மெட்டு வியன்னாவிற் பல்லியத்தைப் பற்றியது போல, தீட்சிதர் கையிற் கல்வியையும் வழிபாட்டையும் பற்றியது. இவ்வளவுகோலால் அளப்பின் 'சந்ததம் பாகிமாம்', 'சியாமளே மீனாட்சி' போன்ற மென்னடை உருப்படிகள் முற்றும் வெற்றி பெற்றவை. விரைநடை உருப்படிகள் கருவியிசைக்கே ஏற்றவை எனத் தீர்ப்பளிக்கலாம்.

இத்தீர்ப்பை மரபும் ஒருவாறு உறுதிசெய்துள்ளது. அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் (1877–1945) அமைத்த 'இங்கிலீஷ் நோட்டு', மதுரை மணி ஐயரின் கச்சேரிகளாற் பெரும்புகழ் பெற்றது. அதிற் பாடப்படுவன சுரங்களே. நாகசுரக் கலைஞர் நோட்டை வாசிக்கும்போதும் சொல் இல்லை. தவிலின் நடையே உண்டு. அங்கு மெட்டு மறுபடியும் காலை நாடுகின்றது: இம்முறை அது வீதியுலா வரும் அடியாரின் கால்.

இவ்வாராய்ச்சி பழம்பொருள் பற்றியதன்று. வன்னியின் கோயில்களுக்கு, வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் முதல் ஒட்டுசுட்டான் தான்தோன்றீசுவரர், புதூர் நாகதம்பிரான் ஈறாக, புதிய பாட்டு இயற்றும் ஆர்வம் கொண்டோர் பலர் உளர். பெயர் பெற்ற திரைப்பட மெட்டொன்றை எடுத்து அதன்மேற் றெய்வத்தின் பெயரை வைத்துப் பாடுவது இக்காலத்து எங்கும் காணப்படும் எளிய வழி. அதனைக் குறைகூறுவோர்க்கு விடையாக, தீட்சிதரே அந்நிய மெட்டிற் பாடவில்லையா என வினவுவதும் உண்டு. அவ்வினாவுக்கு விடை, மேற்கூறியவற்றிலேயே அடங்கியுள்ளது.

கோட்டைக்கு வெளியே வாழ்ந்த தமிழர் செவிக்கு அம்மெட்டுக்கள் புதியவை. 'சியாமளே மீனாட்சி'யைக் கேட்ட திருவாரூரார்க்குப் பிரான்சியப் பாட்டு நினைவுக்கு வந்திருக்க வழியில்லை. 'ஜகதீச குருகுக' என்பதைக் கேட்டோர் கண்முன் ஸ்கொத்லாந்து ஆடலரங்கு தோன்றியிராது. மெட்டு தன் பழைய வீட்டைத் துறந்து வெறுங்கையோடு வந்தமையால், புதிய சொல் அதனைத் தனதாக்கிக்கொண்டது. திரைமெட்டோ தன் வீட்டையும் சுமந்துகொண்டே வருகின்றது. பாடுவோன் அம்மனை விளித்தாலும் கேட்போன் நெஞ்சில் திரைக்காட்சியும் பழைய சொல்லும் எழுகின்றன. வழிபாட்டுச் சொல் அவற்றின் நிழலிற் கிடக்கின்றது. அந்நியம் என்பது இவ்விடத்திற் குற்றமன்று. அளவுமீறிய அறிமுகமே குற்றம். தீட்சிதரை மேற்கோள் காட்டுவோர் அவர் எடுத்துக்கொண்ட உழைப்பையும் உடன்காட்டல் வேண்டும். நெடிலைச் சுரத்தோடு பொருத்தியதும், எடுத்த மெட்டைச் சிதைக்காது வைத்ததும், அதனைத் தம் கிருதிகளின் வரிசையிற் கலவாது தனியே நிறுத்தியதும் அவ்வுழைப்பின் கூறுகள்.

வன்னிக்கு வேறொரு வழியும் உண்டு. கோவலன் கூத்தின் தருக்கள் இம்மண்ணிலேயே கண்ணகி வழிபாட்டோடு ஒட்டி வளர்ந்தவை. 2009இல் முடிவுற்ற போரில் ஊரும் மனையும் விட்டு நீங்கிய மக்கள் நெஞ்சிற் சுமந்து மீண்ட செல்வங்களுள் அவையும் அடங்கும். கால் அறிந்த அம்மெட்டுக்களைக் களரியிலிருந்து எடுத்து வகுப்பறையிலும் கோயில் முன்றிலிலும் பாடும் பாட்டாக்க முயல்வோர், தீட்சிதர் எதிர்கொண்ட வினாவையே எதிர்கொள்வர்: ஆடல் நீங்கியபின் இம்மெட்டுக்குத் தொழில் யாது? அவ்வினாவை எழுப்பாது சொல்லை மாத்திரம் மாற்றுவோர் பாட்டை உடைமாற்றுகின்றனர். அதனை எழுப்பி விடைகண்டவரே பாட்டை உயிர்மாற்றியவராவர். நோட்டுச்சுர சாகித்தியங்கள் தீட்சிதரின் பெருமைக்கு அடித்தளமல்ல. ஆயினும் இரவல் பெறுவோன் ஒழுகவேண்டிய முறையை அவை கற்பிக்கின்றன. சிறியவையேனும் அவற்றை மாணவர் உலகம் பேணுதற்கு அதுவே தக்க காரணமாகும்.